முன்பே பதியப்பட்ட பெடல்

விதி தெளிவானது. ஜேர்மனியின் வீதிப் போக்குவரத்து அனுமதி ஒழுங்குவிதி, பிரிவு பத்தொன்பது: ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றம் ஒன்றை வாகனத்தில் செய்தால் அதன் இயக்க அனுமதி அற்றுப்போகும். அனுமதி திரும்ப வேண்டுமென்றால் மாற்றத்தைப் பரிசோதகருக்குக் காட்ட வேண்டும், அவர் சான்று எழுத வேண்டும், அந்தச் சான்றைக் கொண்டுபோய் வாகனப் பத்திரத்தில் பதிய வேண்டும். முதலில் மாற்றம், பிறகு பரிசோதனை, கடைசியாகப் பதிவு. நான் அந்தப் பிரிவை உபபிரிவுகளோடு வாசித்தவன். முதலில் பதிவும் பதினொரு வருடம் கழித்து மாற்றமும் நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

இந்தக் கதையைத் தொடங்கினால் ஆட்கள் என்னைப் பார்க்கும் பார்வை எனக்குப் பழக்கம். நீங்களும் அப்படித்தான் பார்க்கப் போகிறீர்கள், பாருங்கள், எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், பதின்மூன்று வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். அகதியாக வந்து டுசல்டோர்ஃபில் ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் பத்தொன்பது வருடம் பெட்டி எண்ணினேன். 2003இல் ஓய்வு. இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேருக்கு அன்ராக், அதுதான் விண்ணப்பப் படிவம், நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். வீட்டுக்கு வரும் எந்தக் கடிதமானாலும் வலது மேல் மூலையில் வந்த திகதியையும் நேரத்தையும் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் உறையைக் கிழிப்பேன். ஞாயிறு பூசைக்குப் போவேன், அதில் பாதி மனைவிக்காக. ஆவி, குறளி என்று யாராவது கதைத்தால் அது எந்தத் திணைக்களத்தின் கீழ் வருகிறது என்று கேட்பேன். கையெழுத்தும் முத்திரையும் இல்லாத எதையும் நான் நம்பியதில்லை. என்னைக் குழப்பியதோ கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு விடயம்.

2004 தை மாதம் என் மனைவி றெஜினாவுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சீனி வருத்தம், காலில் ஒரு சின்னப் புண், மிச்சம் உங்களுக்குத் தெரியும். அவள் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கட்டில் விரித்துவிட்டு வரும் பராமரிப்பு வேலை செய்தவள். அந்த வேலைக்குக் கார் வேண்டும், கார் ஓட்ட வலது கால் வேண்டும். வேலையிடத்திலிருந்து மரியாதையான கடிதம் ஒன்று வந்தது: செப்ரெம்பர் முடியும் வரை இடத்தை வைத்திருக்கிறோம், அதற்குள் கார் ஓட்ட முடிந்தால் வாருங்கள். காலை எடுத்த அன்று அழாத மனுஷி, அந்தக் கடிதம் வந்த அன்று குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அரை மணித்தியாலம் தண்ணீர் ஓடியது. நான் வெளியே நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழி இருந்தது. ஓட்டோமாற்றிக் கார் ஒன்று எடுத்து, பிரேக்குக்கு இடது பக்கத்தில் இன்னொரு அக்சிலேற்றர் பெடல் பூட்டினால் இடது காலாலேயே ஓட்டலாம். அரசாங்க உதவியும் உண்டு, ஆனால் காரை வாங்குவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும், முடிவு வர ஆறு ஏழு மாதம். செப்ரெம்பர் காத்திருக்காது. ஆகவே வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அன்ராக்கைப் போடாமல் விட்டேன். என் ஓய்வூதியத்தில் எட்டக்கூடியது ஒரு கிழட்டுக் கார்தான். அதைத் திருத்த எட்டக்கூடிய ஆள் குணம்.

குணம் ஊரில் தனியார் பஸ் திருத்தியவன், இங்கே பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. வேலை முடிந்து மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்டுவிட்டு வந்து காருக்குக் கீழே படுப்பான். அவன் சைவம், நான் வேதம், அதாவது கிறிஸ்தவம், இருபது வருடமாக ஒருவரை ஒருவர் நக்கல் அடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், கமக்காரர் ஒருவரின் வைக்கோல் கொட்டிலில் அந்தக் கார் நின்றது. பச்சை நிறம், ஓட்டோமாற்றி, பதினேழு வயது, ஏழு வருடமாக ஓடவில்லை. அவருடைய தாயாரின் கார், தாயார் இறந்த பிறகு தொடவில்லை என்றார். பணம் கொடுப்பதற்கு முன் நான் பத்திரத்தை வாங்கிக்கொண்டு கிராமத்துக் கடதாசிக் கடைக்குப் போய் எல்லாப் பக்கத்தையும் போட்டோக்கொப்பி எடுத்தேன். எடுக்கும்போதே குணத்துக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு உரிமையாளர். மாற்றங்கள், குறிப்புகள் எழுதும் இடம் முழுக்க வெறுமை. “ஒரு மாற்றமும் செய்யேல்லை, சுத்தமான கார்” என்றேன். “கறள் மட்டும் நூறு மாற்றம் செய்திருக்கு அண்ணை, அதை ஆர் பதியிறது?” என்றான் அவன், காரின் துருவை நினைத்து.

இந்த ஊரில் மணித்தியாலக் கணக்கில் கார் உயர்த்தி வாடகைக்குத் தரும் பட்டறைகள் உண்டு, உபகரணமும் தருவார்கள், வேலையை நாங்களே செய்ய வேண்டும். வைகாசி, ஆனி இரண்டு மாதமும் எங்கள் சீவியம் அங்கேதான். சாரதிப் பக்கக் கதவு உக்கிப்போயிருந்தது, பழைய இரும்புக் கடையில் சிவப்புக் கதவு ஒன்றுதான் கிடைத்தது. பச்சைக் காருக்குச் சிவப்புக் கதவு போடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். அடிப்பக்கம் ஒட்டுவதற்குக் குணம் ஒரு பழைய சலவை இயந்திரத்தின் தகரத்தை வெட்டிக்கொண்டு வந்தான்.

“இது மெல்லிசு குணம். பரிசோதகர் சுத்தியலால தட்டிப் பாப்பார்.”

“அண்ணை, நான் பிஸ்கட் தகரத்தில பஸ் ஒட்டினனான்.”

“அந்த பஸ் இப்ப எங்கை?”

“அது வேற கதை.”

சரியான தடிப்புத் தகரம்தான் போட்டோம்.

பெடல் கிடைத்தது ஆஹென் நகரத்தில். குணம் பழைய குளிர்பெட்டி ஒன்று பார்க்கப் போன தர்மப் பொருட் கடையில், ஊன்றுகோல்களுக்கு நடுவில் கிடந்ததாம். மடக்கக்கூடிய இடது பெடல், அடித்தட்டோடு. அதன் தகட்டில் இலக்கம் பொறித்திருந்தது, உற்பத்தியாளருக்கு எழுதிச் சான்றிதழின் நகலும் எடுத்துவிட்டேன். பூட்டும் நாளன்று சாரதிப் பக்கத் தரைவிரிப்பைக் கழற்றினோம். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. அடித்தகரம் முழுசாக இருந்தது. தொழிற்சாலையில் அடித்த வர்ணம் அப்படியே இருந்தது, ஒரு ஓட்டை இல்லை, அடைத்த அடையாளம் இல்லை. பெடலின் அடித்தட்டுக்கு நாலு ஓட்டை வேண்டும். நாலையும் குணம்தான் துளைத்தான். வெளியே விழுந்த இரும்புச் சுருள் அவன் கட்டைவிரலைக் கிழித்தது, என் கைக்குட்டையால் கட்டிவிட்டேன். அந்தக் கைக்குட்டை இன்னும் இருக்கிறது, கறை போகவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் கனவு கண்டேன் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக்கூடாது.

சீற் விடயத்தையும் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் வந்து பார்த்தால் சாரதி சீற் முன்னுக்கு இழுத்தபடி இருக்கும். நான் நெட்டையன், குணம் என்னைவிட நெட்டை, இரண்டு பேருக்கும் முழங்கால் ஸ்ரேறிங்கில் இடிக்கும்.

“உதை ஏனப்பா ஒவ்வொரு நாளும் முன்னுக்கு இழுத்து விடுறாய்?”

“நானோ? நீங்கள்தான் இழுத்துப்போட்டு மறந்துபோறியள். வயசு போட்டுது அண்ணை, ஒத்துக்கொள்ளுங்கோ.”

காரைப் பூட்டும் திறப்பு ஒன்றுதான் இருந்தது, என்னுடைய சட்டைப் பையில். பழைய கார், சீற் பூட்டு தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தேய்ந்த பூட்டு என்றால் சீற் பின்னுக்கு வழுக்க வேண்டும். சீற் ஓடும் தண்டு முன்பக்கம் உயரம், மேட்டில் ஏறி முன்னுக்குப் போகாது. அதை அப்போது யோசிக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலை கார் தயார். ஐந்து நாள் செல்லுபடியாகும் தற்காலிக இலக்கத்தகடு வாங்கியிருந்தேன். பரிசோதனைக்குத் தந்த டெர்மின், அதாவது தவணை, செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் றெஜினா பழக வேண்டும், லைசன்ஸில் இடது கால் பெடலுக்கான குறிப்பு ஏறும் வரை பொது வீதியில் அவள் ஓட்டக்கூடாது, ஆகவே ஒரு கல், மண் விற்கும் கொம்பனியின் மதில் கட்டிய முற்றத்தில் பழக எழுத்தில் அனுமதி எடுத்திருந்தேன்.

பட்டறையை விட்டுக் காரை வெளியே எடுக்கும்போது குணம் நாலு ரயருக்கும் முன்னால் நாலு தேசிக்காய் வைத்தான். றெஜினா பின் சீற்றில் இருந்து சிலுவை அடையாளம் போட்டாள். எனக்கு இரண்டிலும் ஆட்சேபணை இல்லை. ஆனால் கார் நின்றதோ சுவரைப் பார்த்து.

“அண்ணை, முன்னுக்கு ஏத்துங்கோ.”

“முன்னுக்குச் சுவர் நிக்குது குணம். சுவரையும் நசுக்கவோ?”

அவன் தேசிக்காய்களைப் பொறுக்கி ரயருக்குப் பின்னால் வைத்தான். பின்னுக்கு எடுத்தேன், நசுங்கின. அவன் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. “புது வாகனம் முன்னுக்கு ஏற வேணும் அண்ணை. பின்னுக்கு ஏறினா வந்த இடத்துக்குத்தான் போகும்” என்றான். “அப்ப தொழிற்சாலைக்குப் போகட்டும், புதுசாத் திருப்பித் தருவாங்கள்” என்றேன். பெரிய பகிடி என்று நினைத்துச் சொன்னேன்.

முற்றத்துக்கு வந்ததும் றெஜினா சாரதி சீற்றில் ஏறினாள், நான் பக்கத்து சீற்றுக்கு மாறினேன். சீற்றை அவள் தொடவேயில்லை. அளவு எடுத்துத் தைத்தது போல இருந்தது. குணம் பாண் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று நடந்து போனான், முற்றத்து வாசல் படலையை முழுதாகச் சாத்தாமல் போனான். அதை நான் கவனிக்கவில்லை, அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

இடது காலால் அக்சிலேற்றர் மிதிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நானே பரீட்சித்துப் பார்த்து இரண்டு தரம் தலையை இடித்துக்கொண்டேன். இடது கால் இத்தனை வருடம் கிளச்சை மட்டும் மிதித்துப் பழகிய கால், அதற்கு மெதுவாக என்றால் என்னவென்று தெரியாது. றெஜினா பெடலில் காலை வைத்தாள். கார் தண்ணீரில் வள்ளம் தள்ளியது போல நகர்ந்தது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் படலைக்கு நேரே திரும்பினாள், இடைவெளிக்குள்ளால் கார் வெளியே போய்விட்டது.

நான் ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நிறுத்தும் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது, அதற்கு மேலே வரவில்லை. பயத்தில் வாய் அடைத்தது என்று சொல்லலாம், ஆனால் பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, லைசன்ஸில் குறிப்பு இல்லை, காப்புறுதி செல்லாது, பிரிவு இருபத்தொன்று, பிரிவு பத்தொன்பது என்று மனதுக்குள் இலக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மழை தூறியது. அவள் தானே துடைப்பானைப் போட்டாள், அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று நான் அவளுக்குக் காட்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு சந்தியிலும் வேகத்தைக் குறைத்து, “ஓம்” என்றாள். யாருக்கோ பதில் சொல்வது போல. பிறகு திரும்பினாள். “ஓம், ஓம்” என்று ஒருதரம் சிரித்தாள்கூட. நாற்பது நிமிடம். நெடுஞ்சாலையில் ஏறவில்லை. மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில், நான் வரைபடத்தில்கூடக் கண்டிராத ஒற்றைப் பாதைகள். ஒரு சிவப்புச் செங்கல் மாதாகோயில் தாண்டி, ஒரு ஒடுங்கிய பாலம் தாண்டி, கடைசியில் கார் ஒரு முற்றத்துக்குள் போய், வைக்கோல் கொட்டிலின் கதவுக்கு முன்னால், சித்திரை மாதம் நான் அந்தக் காரை முதன்முதல் பார்த்த அதே இடத்தில் நின்றது. றெஜினா அந்தக் கிராமத்துக்கு வந்ததே இல்லை. காரை வாங்க நானும் குணமும்தான் போனோம்.

கமக்காரர் கம்பளித் தொப்பியோடு வெளியே வந்தார். ஏதோ முறைப்பாட்டோடு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு சிவப்புக் கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தார்.

“அட, பெடலைத் திரும்பப் பூட்டிவிட்டீர்களா?” என்றார். “நல்ல காரியம்.”

“திரும்ப என்றால்?” என்று கேட்டேன்.

“அம்மாவின் பெடல். தொண்ணூற்று மூன்றில் அவவுக்கு வலது கால் விளங்காமல் போனது, இடது காலால்தான் கடைசி வரை ஓட்டினா. செத்த பிறகு நான்தான் கழற்றி ஊன்றுகோல்களோடு சேர்த்துத் தர்மத்துக்குக் கொடுத்தேன்.”

“அடித்தகரத்தில் ஓட்டை இருக்கவில்லையே. நாங்கள்தான் போன மாதம் துளைத்தோம்.”

“நாலு ஓட்டை. நான்தான் துளைத்தேன். அப்பா விளக்குப் பிடித்தார்.”

என்னை ஒரு கிழட்டு வெளிநாட்டுக்காரன் உளறுகிறான் என்பது போலப் பார்த்தார், அந்தப் பார்வைக்கு அன்றுதான் பழகத் தொடங்கினேன். பிறகு கொட்டிலுக்குள் போய் ஆணியில் தொங்கிய ஒரு றப்பர் விரிப்பை எடுத்து வந்து தூசி தட்டி உள்ளே விரித்தார். பெடலின் அடித்தட்டுக்காகக் கத்தியால் வெட்டிய ஒரு சதுரம் அதில் இருந்தது. எங்கள் பெடல் அந்தச் சதுரத்துக்குள் போய்ப் பொருந்தியது, ஒரு மில்லிமீற்றர்கூட விலகவில்லை. “கொண்டுபோங்கள், எனக்கு எதற்கு” என்றார்.

அதே பெடலே சுற்றித் திரிந்து திரும்பி வந்திருக்கலாம். அதை நான் ஏற்றுக்கொள்வேன், பழைய பொருட்கள் எங்கேயும் போகும். வேறு காரின் பழைய நினைவில் அவர் ஓட்டைக் கதை சொல்லியிருக்கலாம், அதையும் ஏற்கலாம். ஆனால் விரிப்பை எப்படி ஏற்பது?

திரும்பும்போது நான் ஓட்டினேன். சீற்றைப் பின்னுக்குத் தள்ளவே பெரும்பாடாகிவிட்டது.

“ஏன் றெஜி அங்கை போனீர்?”

“என்ன விசர்க்கதை? நீங்கள்தானே வழி சொன்னனீங்கள்.”

“நான் வாயே திறக்கேல்லை.”

“இடப்பக்கம் திருப்புங்கோ, கோயில் தாண்டி வலப்பக்கம், பாலத்தில மெதுவாப் போங்கோ… இதெல்லாம் ஆர் சொன்னது, குணமே? அவர்தான் பாண் வாங்கப் போட்டார்.”

“திருப்புங்கோ எண்டு நான் உமக்கு எப்பவாவது சொல்லியிருக்கிறனே?”

நான் அவளோடு கதைப்பது நீர், உமக்கு என்றுதான், கலியாணம் கட்டிய நாளிலிருந்து. அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தாள். “அதைத்தான் நானும் யோசிச்சனான். முப்பது வருசத்தில இண்டைக்குத்தான் மனிசனுக்கு மரியாதை வந்திருக்கு எண்டு. அதுதான் ஒண்டும் கேக்காமல் ஓடினனான்.”

“என்ரை குரலோ அது?”

“வேற ஆரின்ரை குரலுக்கு நான் திரும்புவன்?”

முற்றத்து வாசலில் குணம் பாண் பையோடு மழையில் நின்றான். ஒன்றரை மணித்தியாலம். வாயில் வந்ததெல்லாம் பேசினான், அதை இங்கே எழுத முடியாது. எங்கே போய் வந்தோம் என்று சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டு ரயரில் ஒட்டியிருந்த தேசிக்காய்த் தோலைக் காலால் தட்டினான். “நான் சொன்னனான்” என்றான். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பரிசோதனை. பிரேக், புகை, அடித்தகரம் எல்லாவற்றிலும் கார் தேறியது. இளம் பொறியியலாளர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், நான் குணத்தைப் பார்த்தேன். கடைசியில் பெடலுக்கான சான்று எழுத வேண்டும், உற்பத்தியாளரின் நகலை நீட்டினேன். அவர் வாகனப் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, “இது ஏற்கனவே பதிந்திருக்கிறதே” என்றார். இடது அக்சிலேற்றர் பெடல், மடக்கக்கூடியது, நாலு ஆணியால் பொருத்தியது, தகட்டு இலக்கம் இன்னது, 1993, முத்திரை, கையெழுத்து. தட்டச்சு எழுத்து. தகட்டு இலக்கம் எங்கள் பெடலின் இலக்கம்.

என் கோப்பிலிருந்து சித்திரை மாதத்துப் போட்டோக்கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். அந்த இடம் வெறுமை. மற்ற எல்லா எழுத்தும் தெளிவு, பழைய மடிப்பின் நிழல்கூட விழுந்திருந்தது. அவர் இரண்டையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கொப்பி இயந்திரம் சரியில்லைப் போல.”

“இந்த நாலு வரியை மட்டும் விட்டுவிட்டுக் கொப்பி எடுக்கும் இயந்திரமா?”

“ஐயா, உங்களுக்கு நல்லதுதானே. நான் எழுதவே தேவையில்லை” என்று சொல்லித் தேறியதற்கான ஒட்டியை ஒட்டிவிட்டார்.

வெளியே வந்து குணத்தைக் கேட்டேன். “கடதாசிக் கடையில நான் உனக்கு வாசிச்சது என்ன?” “வெறுமை எண்டியள். நானும் எட்டிப் பாத்தனான் அண்ணை, வெறும் வெள்ளைதான்.” அவன் முகம் வெளுத்திருந்தது. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. றெஜினா ஓட்டிக் காட்டினாள், லைசன்ஸில் குறிப்பு ஏறியது, செப்ரெம்பர் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வேலைக்குப் போனாள். முதல்நாள் வேலை முடிந்து வந்து, வாசலில் இருந்து இரண்டு தரம் ஹோர்ன் அடித்தாள். சும்மா ஹோர்ன் அடிப்பது சட்டப்படி குற்றம். நான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அந்தக் குரல் பிறகு கேட்டதா என்று இடைக்கிடை கேட்பேன். “இல்லை, இப்ப பழைய மாதிரி நீரும் உமக்கும்தான் கேக்குது” என்பாள்.

ஆனால் நான் விடவில்லை. 1993இல் அந்தப் பதிவைச் செய்த மாவட்டத்தின் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு எழுதினேன். அந்தப் பதிவுக்குரிய கோப்பின் நகல் வேண்டும் என்று கேட்டேன். பதில் இல்லை. ஞாபகமூட்டல் ஒன்று, இரண்டு. மூன்றாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வருடம் ஒன்று போனது, இரண்டு போனது. றெஜினா தினமும் அந்தக் காரில் ஏழெட்டு வீடு போய் வந்தாள்.

பதில் வந்தபோது இரண்டே இரண்டு பந்தி. முதலாவது: மேற்படி வாகனத்துக்கு இப்படியான மாற்றம் எதுவும் எக்காலத்திலும் எமது பதிவேட்டில் இடப்படவில்லை. இரண்டாவது: அப்படியொரு சாதனம் பொருத்தப்பட்டிருந்தால், பரிசோதிக்கப்பட்டுப் பதியப்படும் வரை வாகனத்தின் இயக்க அனுமதி அற்றுப்போனதாகக் கருதப்படும், வாகனத்தைப் பொது வீதியில் ஓட்டுவதை உடனடியாக நிறுத்த வேண்டும்.

குசினியில் நின்று வாசித்தேன். பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன், பதிவு அங்கேதான் இருந்தது, முத்திரையோடு. இரண்டு வருடமாக அவள் அனுமதி இல்லாத காரில் ஓடுகிறாள், அல்லது அனுமதியுள்ள காரில்தான் ஓடுகிறாள். இந்த நிமிடமும் எங்கோ வீதியில் இருக்கிறாள். யாரையாவது இடித்தால்? காப்புறுதி கையை விரித்தால்? வேலை என்னாகும், அவள் என்னாவாள்? அவள் ஓட்டும்போது ரெலிபோன் எடுக்கமாட்டாள், நான்தான் எடுக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். நிறுத்தும் என்ற சொல் அந்தச் சனிக்கிழமை போலவே தொண்டை வரைக்கும் வந்து நின்றது. வீட்டில் நான் மட்டும்தான். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

அடுத்த கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பரிசோதகரிடம் போனேன், பதிந்திருப்பதை இரண்டாம் தரம் பதிய முடியாது, அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார். அலுவலகத்தில் கேட்டேன், பரிசோதகரின் புதிய சான்று இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். இரண்டு பேரும் விதிப்படி சரி. இன்றைக்கும் அது அப்படியே கிடக்கிறது. இந்த வருடம் பழைய காரை உடைக்கக் கொடுத்தால் அரசாங்கம் பணம் தருகிறது என்று குணம் வந்து சொன்னான். “குடுத்து விடுங்கோ அண்ணை, உதோடை முடியட்டும்.” றெஜினா கேட்கவே மாட்டேன் என்கிறாள்.

ஆனால் அந்த அலுவலகக் கடிதம் வந்த அன்று அவள் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். கை கழுவினாள், செயற்கைக் காலைக் கழற்றிக் கதிரையில் சாத்தினாள், சோற்றைப் போட்டுக்கொண்டாள். கடிதம் என் சட்டைப் பைக்குள் இருந்தது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

“இஞ்சருங்கோ, பதினொரு மணி போல கால்வாய்க்கரை வழியில ஏன் என்னை நிப்பாட்டச் சொன்னனீங்கள்?”

“ஆர், நானோ?”

“ஓம். நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ எண்டு. கரையில ஒதுக்கி நிப்பாட்டிப்போட்டு அஞ்சு நிமிசம் பாத்துக்கொண்டிருந்தன். ஒண்டும் வரேல்லை. அங்கை கிழவி குளிக்கக் காத்துக்கொண்டிருக்கும் எண்டு பேந்து வெளிக்கிட்டுப் போனன்.” ஒரு வாய் சாப்பிட்டாள். “அண்டைக்குப் போல ஆறுதலாச் சொல்லேல்லை. இந்தமுறை நல்லாப் பயந்து போனீங்கள் போல.”

சாப்பிட்டு முடித்து அவள் படுக்கப் போன பிறகு கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். வலது மேல் மூலையில் என் கையெழுத்து, பென்சிலால்: 2006 செப்ரெம்பர் 26, செவ்வாய், காலை பதினொன்று பத்து.